போர்டையே மாற்றணுமா, ஒரு சிப்பை மாற்றினால் போதுமா? குறைந்த விலைக் கருவிகளில் ஐசி கழற்றுவது எப்படி? முழு விளக்கம்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி இடித்து, கரண்ட் போய்த் திரும்ப வந்தால், கிராமங்களில் மறுநாள் காலை இதே பேச்சுதான். "எங்க வீட்டு டிவி வரல", "செட்டாப் பாக்ஸ்ல லைட்டே எரியல", "இண்டக்‌ஷன் அடுப்பு போச்சு". பெரிய ஏரிக்குப் பெயர்போன காஞ்சிபுரம் மாவட்டம் தென்னேரி போன்ற ஊர்களில், பழுதான பொருளைத் தூக்கிக்கொண்டு வாலாஜாபாத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கும்.

அங்கே போனால் பல நேரங்களில் கிடைக்கும் பதில், "போர்டு போச்சுங்க, மாத்தணும்" என்பதுதான். போர்டின் விலை ஆயிரக்கணக்கில் இருக்கும். சில சமயம் புதுப் பொருளின் விலையில் பாதி வந்துவிடும். ஆனால், அந்தப் போர்டில் உண்மையில் செத்துப்போனது ஒரே ஒரு சிப்பாக இருக்கலாம். அதன் விலை சில பத்து ரூபாய்கள்தான்.

அந்த ஒரு சிப்பை மட்டும் கழற்றி மாற்ற முடியாதா? முடியும். அதற்கு லட்ச ரூபாய் மெஷின் வேண்டுமா? வேண்டாம். ஆனால் ஓர் அடிப்படை விஷயம் புரியாமல் கை வைத்தால், நல்லா இருக்கிற போர்டும் போகும், உடம்பும் கெடும். அது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

சிப் போர்டில் எப்படி உட்காருகிறது?

கழற்றுவதைப் புரிந்துகொள்ள, முதலில் அது எப்படி ஏற்றப்படுகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. தென்னேரி வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளில் இந்த வேலை இரவு பகலாக நடக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ம் தேதி மூடப்பட்டது. ஆனால், சாம்சங், ஃபாக்ஸ்கான், ஃப்ளெக்ஸ் என்று மற்ற நிறுவனங்கள் இந்தப் பகுதியை மின்னணு உற்பத்தியின் மையமாகவே வைத்திருக்கின்றன. விடியற்காலையில் கிராமத்துச் சாலைகளில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இளைஞர்கள், இளம்பெண்களில் பலர் வேலை பார்ப்பது இதுபோன்ற ஆலைகளில்தான்.

அங்கே நடப்பது இதுதான். வெறும் போர்டின் மீது, சிப்பின் கால்கள் உட்கார வேண்டிய இடங்களில் மட்டும் சால்டர் பேஸ்ட் தடவப்படும். மெஷின் ஒவ்வொரு சிப்பாக எடுத்து அதன் மேல் வைக்கும். பிறகு போர்டு ஒரு நீளமான அடுப்புக்குள் நகர்ந்து போகும். உள்ளே சூடு படிப்படியாக ஏறி, சுமார் 240 டிகிரி செல்சியஸைத் தொட்டு, மறுபடி படிப்படியாகக் குறையும். வெளியே வரும்போது எல்லா கால்களும் ஒரே நேரத்தில் ஒட்டியிருக்கும்.

கழற்றுவது என்பது இதற்கு நேர் எதிர் வேலை. ஆனால் ஒரு சிக்கல். ஆலையில் போர்டு முழுவதும் ஒரே சீராகச் சூடாகிறது. கடையிலோ வீட்டிலோ நம் கையில் இருப்பது ஒரு சால்டரிங் அயர்னின் கூர் முனை மட்டும்தான். ஒரு காலைச் சூடாக்கி முடிப்பதற்குள், முந்தின கால் ஆறி மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். 'பாதி வந்துடுச்சு, இழுத்தா வந்துடும்' என்று ஸ்க்ரூடிரைவரால் நெம்புகிறார்கள். சிப் வரும். கூடவே போர்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய செம்புப் பட்டையும் பிய்ந்துகொண்டு வரும். அதோடு கதை முடிந்தது.

எனவே மனதில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான். சிப் வர வேண்டுமென்றால், ஒன்று, எல்லா கால்களிலும் சால்டர் ஒரே நேரத்தில் உருகியிருக்க வேண்டும். அல்லது ஒவ்வொரு காலும் தனித்தனியாக விடுபட்டிருக்க வேண்டும். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி கிடையாது. கீழே வரும் எல்லா முறைகளும் இந்த இரண்டில் ஒன்றைச் செய்யும் தந்திரங்கள்தான்.

'ஈயம்' என்றால் எந்த ஈயம்?

கடையில் சால்டரை 'ஈயம்' என்றுதான் கேட்போம். தமிழில் இந்தச் சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. பாட்டி வீட்டு ஈயச் சொம்பில் ரசம் வைப்பார்களே, அது வெள்ளீயம். உடம்புக்கு விஷமான ஈயம், காரீயம். இரண்டும் வேறு வேறு.

பழைய வகை சால்டரில் வெள்ளீயம் 63%, காரீயம் 37% இருக்கும். இது 183 டிகிரியில் உருகும். இன்றைக்கு ஆலைகளில் பெரும்பாலும் பயன்படுத்துவது காரீயம் இல்லாத சால்டர். அதில் வெள்ளீயத்துடன் கொஞ்சம் வெள்ளியும் செம்பும் இருக்கும். இது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும்.

ஏன் மாற்றினார்கள்? காரீயத்தின் நச்சுத்தன்மைதான் காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் புதிய மின்னணு சாதனங்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இந்தியாவிலும் 2012-ல் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், காரீயத்துக்கு 0.1% என்ற உச்சவரம்பை வைத்தன.

இதில் மெக்கானிக்குகளுக்கு உதவும் ஒரு ரகசியம் இருக்கிறது. காரீயம் இல்லாத சால்டர் லேசில் உருகாது. ஆனால் அதன் மேல் கொஞ்சம் பழைய வகை 63/37 சால்டரை உருக்கிக் கலந்தால், கலவையின் உருகுநிலை இறங்கிவிடும். 'கழற்றுவதற்கு முன்பு புது ஈயம் வை' என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். எடுக்க வேண்டிய இடத்தில் எதற்கு இன்னும் சேர்க்கணும் என்று புதிதாகக் கற்பவர்கள் குழம்புவார்கள். சேர்த்தால்தான் சுலபமாக வரும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

விலைகள் கடைக்குக் கடை, பிராண்டுக்கு பிராண்ட் மாறும். தோராயமாகப் பார்த்தால்:

* சால்டரிங் அயர்ன், 25 வாட்: சுமார் 200 முதல் 400 ரூபாய். சாதாரண வேலைகளுக்கு இது போதும். மூன்று பின் பிளக் உள்ளதாக வாங்குவது நல்லது.

* சக்கர்: உருகிய சால்டரை உறிஞ்சும் ஸ்பிரிங் பம்ப். சுமார் 100 முதல் 200 ரூபாய்.

* விக்: மெல்லிய செம்புக் கம்பிகளைப் பின்னிய நாடா. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் உருகிய சால்டரை உறிஞ்சும். சுமார் 100 ரூபாயில் கிடைக்கும்.

* ஃப்ளக்ஸ்: கடைகளில் 'பேஸ்ட்' என்பார்கள். பைன் மரப் பிசினில் செய்த மின்னணு வேலைக்கான பேஸ்ட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். குழாய் வேலைக்கான ஆசிட் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். அது போர்டை அரித்துவிடும்.

* 63/37 சால்டர் கம்பி, கூர்முனை ட்வீசர், சின்ன நிப்பர், மல்டிமீட்டர்.

* ஹாட் ஏர் மெஷின்: மெக்கானிக்குகள் 'ப்ளோயர்' என்பார்கள். விலை குறைந்த மாடல்கள் 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. முதல் நாளே வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

ப்ளோயரைத் தவிர்த்துப் பார்த்தால், 1,000 ரூபாய் சுற்றுவட்டாரத்தில் ஓர் அடிப்படை செட் தேறிவிடும். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இவை எல்லாமே ஒரே இடத்தில் கிடைக்கும்.

கை வைப்பதற்கு முன்பு என்ன பார்க்கணும்?

முதலில், சிப்தான் கெட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். இடி, மின்னழுத்த ஏற்றத்தாழ்வுக்குப் பிறகு பெரும்பாலும் முதலில் போவது ஃப்யூஸும், அதன் பக்கத்தில் பட்டன் போல இருக்கும் வேரிஸ்டரும்தான். அவை போயிருந்தால் சிப்பைத் தொட வேண்டிய வேலையே இருக்காது.

இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் கரண்ட் இல்லை என்று நினைப்பது ஆபத்து. பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், 230 வோல்ட் மின்சாரத்தில் இருந்து சுமார் 325 வோல்ட் வரை சேமித்து வைத்திருக்கும். பிளக்கை எடுத்த பிறகும் அது உள்ளேயே இருக்கலாம். மெக்கானிக்குகள் ஒரு குண்டு பல்பின் இரண்டு வயர்களையும் அதன் இரு முனைகளில் வைத்து, சார்ஜ் இறக்குவார்கள். பிறகு மல்டிமீட்டரில் அளந்து பார்ப்பார்கள். பழக்கம் இல்லாதவர்கள் பவர் போர்டில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

மூன்றாவது, எர்த். பல பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் இருக்கும், எர்த் வயர் இருக்காது. அங்கே மலிவான அயர்னில் லேசான கசிவு இருந்தாலும், அது நுனி வழியாகப் போய் நல்ல சிப்பையும் சாகடிக்கலாம். எர்த் சரியாக உள்ள பிளக் பாயிண்டில் வேலை செய்வது நல்லது.

நான்காவது, செல்போனில் ஒரு போட்டோ. சிப்பின் மேல் ஒரு மூலையில் சின்னப் புள்ளியோ பள்ளமோ இருக்கும். அதுதான் முதல் காலின் அடையாளம். புது சிப்பைத் திருப்பி வைத்துவிட்டால், கரண்ட் கொடுத்த அடுத்த நொடியே புகைதான். போட்டோ இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

முறை 1: செத்த சிப் என்றால் காலை வெட்டு

செட்டாப் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவற்றின் பவர் பகுதியில், போர்டின் துளைகளுக்குள் கால் விட்டு நிற்கும் 8 கால் சிப்கள் அதிகம். விஐபர்22ஏ என்ற சிப் இதற்கு நல்ல உதாரணம்.

சிப் செத்துவிட்டது உறுதி என்றால், அதைக் காப்பாற்ற வேண்டிய தேவை இல்லை. காப்பாற்ற வேண்டியது போர்டைத்தான். எனவே நிப்பரால் எட்டு கால்களையும் சிப்பின் உடம்பை ஒட்டி வெட்டிவிடலாம். உடம்பு தனியாக வந்துவிடும். மிச்சம் நிற்கும் ஒவ்வொரு காலையும் அயர்னால் சூடாக்கி, ட்வீசரால் எடுத்தால் வெண்ணெயில் இருந்து முடி எடுத்ததுபோல் வரும்.

புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான முறை இல்லை. 'ஒவ்வொரு காலும் தனியாக விடுபட வேண்டும்' என்ற விதியின் நேரடி வடிவம் இதுதான்.

முறை 2: சிப் உயிரோடு வேண்டுமென்றால் சக்கர், விக்

பழைய போர்டில் இருந்து நல்ல சிப்பை எடுக்க வேண்டும் என்றால் வெட்ட முடியாது. அப்போது ஒவ்வொரு காலிலும் கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி, கொஞ்சம் புது சால்டர் சேர்க்க வேண்டும். நன்றாக உருகியதும் சக்கரின் நுனியை ஒட்டி வைத்து பட்டனை அழுத்த வேண்டும். 'டப்' என்று உறிஞ்சிவிடும்.

ஒரு காலில் அயர்னை 3, 4 நொடிகளுக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. வரவில்லையா? ஆற விட்டு, மறுபடி புது சால்டர் சேர்த்து முயல வேண்டும். கிரவுண்டுக்குப் போகும் கால், அகலமான செம்புப் பரப்போடு இணைந்திருக்கும். அது சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்த ஒரு கால் மட்டும் அடம் பிடிக்கும். அங்கே கொஞ்சம் அகலமான நுனியைப் பயன்படுத்தினால் வேலை ஆகும்.

எல்லா கால்களும் விடுபட்டதும், ஒவ்வொன்றையும் ட்வீசரால் லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். எல்லாமே ஆடினால் மட்டும் சிப்பைத் தூக்கலாம்.

முறை 3: செம்புக் கம்பி தந்திரம்

டிவி போர்டில் மென்பொருளை வைத்திருக்கும் மெமரி சிப்கள், போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டியிருக்கும். பக்கத்துக்கு நான்கு என்று எட்டு கால்கள் இருக்கும். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். 24, 25 என்று தொடங்கும் எண்கள் இவற்றின் மேல் இருக்கும்.

கரண்ட் ஏற்ற இறக்கத்தில் இந்த சிப்புக்குள் இருக்கும் மென்பொருள் மட்டும் கெட்டுப்போவது உண்டு. டிவி ஆன் ஆகும், ஆனால் லோகோவோடு நின்றுவிடும். இந்த சிப்பைக் கழற்றி, மலிவான யுஎஸ்பி புரோகிராமரில் சொருகி, அந்த மாடலுக்கான மென்பொருளை மறுபடி எழுதி ஒட்டினால் டிவி உயிர் பெறுவதும் உண்டு.

இங்கே இரண்டாவது வழி, அதாவது 'எல்லா கால்களும் ஒரே நேரத்தில்' தேவை. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய தடித்த செம்புக் கம்பியைச் சீவி, சிப்பின் இரண்டு பக்கக் கால்களையும் தொடும்படி 'ப' வடிவில் வளைக்க வேண்டும். அதைக் கால்கள் மேல் வைத்து, தாராளமாக ஃப்ளக்ஸும் சால்டரும் சேர்த்தால் கம்பி முழுவதும் சூடு பரவும். எட்டு கால்களும் ஒன்றாக உருகும். ட்வீசரால் மெல்லத் தள்ளினால் சிப் வழுக்கிக்கொண்டு வரும்.

கம்பி இல்லாமலும் செய்யலாம். இரு பக்கமும் நான்கு கால்களையும் மூடும் அளவு சால்டரை மேடாகக் கொட்டி, அயர்னை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தால் இரண்டு மேடுகளும் உருகிய நிலையில் நிற்கும். அந்த நேரத்தில் தூக்கிவிட வேண்டும்.

முறை 4: குறைந்த சூட்டில் உருகும் கலவை

பிஸ்மத் என்ற உலோகம் கலந்த சால்டர் 138 டிகிரியிலேயே உருகும். சிப் கழற்றுவதற்கென்றே விற்கப்படும் சில கலவைகள் 58 டிகிரியில்கூட உருகிவிடும். இதைக் கால்களில் பழைய சால்டரோடு உருக்கிக் கலந்தால், மொத்தக் கலவையும் பல நொடிகள் திரவமாகவே நிற்கும். அவசரமே இல்லாமல் சிப்பை எடுக்கலாம். சாதாரண அயர்ன் போதும்.

ஒரு எச்சரிக்கை. எடுத்த பிறகு விக் வைத்து அந்தக் கலவையைத் துளியும் விடாமல் துடைக்க வேண்டும். பிஸ்மத், காரீயம், வெள்ளீயம் மூன்றும் கலந்து மிஞ்சினால் அது 100 டிகிரிக்கும் கீழேயே உருகக்கூடியது. சூடாகும் பவர் போர்டில் அப்படி ஒரு ஒட்டு இருந்தால், சில மாதங்களில் மறுபடி கடைக்கு வர வேண்டியதுதான்.

முறை 5: ஹாட் ஏர் ப்ளோயர்

நாலு பக்கமும் நெருக்கமாகக் கால்கள் உள்ள சிப்புக்கு ப்ளோயர்தான் சரி. ஆலை அடுப்பின் சின்ன வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் கனெக்டர், உருளைக் கெப்பாசிட்டர்களை அலுமினிய ஃபாயில் அல்லது சூடு தாங்கும் மஞ்சள் டேப்பால் மூட வேண்டும். இல்லையென்றால் கனெக்டர் உருகும், கெப்பாசிட்டர் வெடிக்கவும் செய்யலாம். பிறகு ஃப்ளக்ஸ் தடவி, முதலில் குறைந்த சூட்டில் அந்தப் பகுதி முழுவதையும் ஒரு நிமிடம் சூடாக்க வேண்டும். அதன் பிறகுதான் 350 டிகிரி அளவுக்கு ஏற்றி, காற்று வேகத்தைக் குறைத்து, சிப்பின் மேல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தக்கூடாது.

முதலில் மெல்லச் சூடாக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில், ஈரக்காற்றில் கிடந்த போர்டுகளின் சிப்களுக்குள் ஈரம் ஏறியிருக்கும். சட்டென்று சூடாக்கினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, சிப்பையே பிளந்துவிடும். இந்தத் துறையில் இதை 'பாப்கார்ன்' என்றே சொல்கிறார்கள்.

சால்டர் உருகியதும் மங்கலாக இருந்தது பளபளவென்று மின்னும். ட்வீசரால் சிப்பை மயிரிழை அளவு தொட்டால், தானாகப் பழைய இடத்துக்கு ஆடி வரும். அதுதான் தூக்க வேண்டிய நேரம்.

செய்யவே கூடாதவை என்ன?

* கேஸ் அடுப்பிலோ, தோசைக்கல்லிலோ போர்டைச் சூடாக்கக் கூடாது. போர்டில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் புரோமின் ரசாயனங்கள், அளவுக்கு மீறிச் சூடானால் நச்சுப் புகையாக வரும். அந்தக் கல்லில் மறுபடி சமைத்தால் காரீயம் சாப்பாட்டில்தான் போய்ச் சேரும்.

* போர்டைத் தரையில் தட்டி சிப்பை உதிர்ப்பது. சூடான சால்டர் துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

* இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாக வைத்து சூடாக்குவதை இணையத்தில் சிலர் காட்டுகிறார்கள். பழைய வகை சால்டர் உருகக்கூடும். காரீயம் இல்லாத சால்டர் அந்தச் சூட்டில் உருகுவது கஷ்டம். அந்தப் பெட்டியைத் திரும்பத் துணிக்குப் பயன்படுத்தவும் கூடாது.

கழற்றிய பிறகு என்ன செய்யணும்?

சிப் உட்கார்ந்திருந்த இடத்தில் ஃப்ளக்ஸ் தடவி, விக்கை வைத்து அதன் மேல் அயர்னை வைத்து மெல்ல நகர்த்தினால் பழைய சால்டர் சுத்தமாகிவிடும். விக் ஒட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது. மறுபடி சூடாக்கித்தான் எடுக்க வேண்டும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் பிரஷும் வைத்துக் கழுவலாம்.

அடுத்து, செம்புப் பட்டை எங்காவது தூக்கியிருக்கிறதா, இரண்டு கால்களுக்கு இடையே சால்டர் பாலம் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். துளை வகை சிப் என்றால் நேராக ஒட்டாமல், சில ரூபாய் விலையுள்ள ஐசி பேஸ் வைப்பது நல்லது. அடுத்த முறை அயர்னே தேவைப்படாது, கையாலேயே கழற்றி மாட்டலாம். ஆனால் பவர் பகுதியில் சூடாகும் சிப்புக்கு நேராக ஒட்டுவதே சரி.

பவர் போர்டு என்றால், முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது ஒரு குண்டு பல்பை சீரிஸில் வைத்துக் கொடுப்பார்கள். இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும். புது சிப் தப்பிக்கும்.

எல்லா சிப்பையும் இப்படி மாற்றலாமா?

முடியாது. செல்போனின் முக்கிய சிப்களுக்குக் கால்களே வெளியே தெரியாது. அடிப்பக்கம் முழுவதும் நூற்றுக்கணக்கான சால்டர் உருண்டைகள் இருக்கும். சிலவற்றில் அடியில் பசையும் ஊற்றியிருப்பார்கள். மலிவான கருவியால் இதில் கை வைப்பது சூதாட்டம்தான். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

அதேபோல், பல வாஷிங் மெஷின் போர்டுகள் தண்ணீர் படாமல் இருக்க முழுக்க ஜெல்லில் மூழ்கியிருக்கும். கன்ட்ரோல் சிப்பில் நிறுவனம் எழுதிய மென்பொருள் இருக்கும் என்பதால், அதே எண் கொண்ட வெற்று சிப்பை வாங்கி வைத்தாலும் வேலை செய்யாது. வாரண்டி உள்ள பொருளைத் திறக்கவே கூடாது.

உடம்புக்கு என்ன ஆபத்து?

சால்டர் செய்யும்போது எழும் புகை காரீயத்தின் புகை என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண சால்டரிங் சூட்டில் காரீயம் ஆவியாவது மிக மிகக் குறைவு. அந்தப் புகை ஃப்ளக்ஸில் உள்ள பிசினில் இருந்து வருவது. தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஜன்னலைத் திறந்து வைத்து, சின்ன ஃபேனால் புகையைப் பக்கவாட்டில் தள்ளுவது அவசியம்.

காரீயம் உடம்புக்குள் போகும் வழி, கை வழியாக வாய்க்கு. சால்டர் கம்பியைத் தொட்ட கையோடு டீ குடிப்பது, முறுக்கு சாப்பிடுவது, கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிப்பது எல்லாமே ஆபத்து. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தை தவழும் தரையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யக் கூடாது. உதிரும் சால்டர் துகள் குழந்தையின் விரலில் ஒட்டி வாய்க்குப் போகும். காரீயத்தில் 'இந்த அளவு வரை பரவாயில்லை' என்று சொல்ல எந்த அளவும் இல்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும்.

சீனாவின் குய்யூ நகரம் இதற்குச் சாட்சி. அங்கே வீடுகளிலேயே போர்டுகளைச் சூடாக்கி சிப் எடுப்பது பெரிய தொழிலாக இருந்தது. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், அந்த ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சராசரியாக 15.3 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இன்று கவலைக்குரியதாகக் கொள்ளும் அளவு 3.5 மைக்ரோகிராம்.

தூக்கிப் போடும் போர்டு எங்கே போகிறது?

ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் மட்டும் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3% மட்டுமே. மிச்சத்தில் ஒரு பகுதி காயலான் கடை வழியாகப் போய், எங்கோ திறந்தவெளியில் எரிக்கப்படுகிறது அல்லது ஆசிட்டில் ஊறுகிறது. ஏரியும் கால்வாயும் உள்ள ஊர்ப்பக்கம் இது நடந்தால், நஞ்சு போய்ச் சேருவது தண்ணீரில்தான்.

இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 அமலில் உள்ளன. உற்பத்தியாளர்கள், பழுதுநீக்கிப் புதுப்பிப்போர், மறுசுழற்சி செய்வோர் ஆகியோர் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன இந்த விதிகள். பயன்படாத போர்டுகளைப் பதிவு பெற்ற நிறுவனங்களிடமோ, அவற்றின் சேகரிப்பு மையங்களிலோ கொடுப்பதுதான் சரி.

இன்னொரு பக்கம், பழுது பார்ப்பது நுகர்வோரின் உரிமை என்ற பேச்சும் வலுத்திருக்கிறது. மத்திய அரசு 2022 டிசம்பர் 24-ம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. பழுது நீக்கும் விவரம், உதிரிபாகம், சர்வீஸ் தகவல்களை நிறுவனங்கள் ஒரே இடத்தில் தர வேண்டும் என்பது அதன் நோக்கம்.

எங்கே கற்றுக்கொள்ளலாம்?

அரசு ஐடிஐ-களில் 'எலக்ட்ரானிக் மெக்கானிக்' என்ற இரண்டு வருடப் படிப்பு உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம். மேற்பரப்பில் ஒட்டும் சிப்களைப் பொருத்துவதும் கழற்றுவதும் அதன் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

வீட்டில் பழகுபவர்கள், முதலில் உயிருள்ள போர்டில் கை வைக்கக் கூடாது. செத்துப்போன செட்டாப் பாக்ஸ், பழைய ரேடியோ, கெட்ட மோடம் என்று எது கிடைத்தாலும் பயிற்சிக்கு உதவும். பட்டை பியாமல் தொடர்ந்து பத்து சிப்களைக் கழற்ற முடிந்தால், கை பழகிவிட்டது என்று அர்த்தம்.

சிப்பை ஏற்றும் வேலை தெரிந்த கைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதே சிப்பைப் பத்திரமாக இறக்கத் தெரிந்த ஒருவர் ஊருக்கு ஒருவராவது இருந்தால், இடி விழுந்த மறுநாள் காலை ஆயிரக்கணக்கான ரூபாய் போர்டுகள் குப்பைக்குப் போகாது. அவருக்கு வேண்டியது ஆயிரம் ரூபாய்க் கருவிகளும், எல்லா கால்களும் உருகும் வரை இழுக்காமல் காத்திருக்கும் பொறுமையும்தான்.